விழுகிறவளோடு விழும் பொத்தான்

ஜோன் டீச்சரின் வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஃப்ளோரன்ஸ் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதுக் கால் கட்டைவிரல் நகம் லேசில் வெட்டுப்படாது. கால் மணி நேரமாவது வெந்நீரில் ஊறவைத்து, ஓரத்திலிருந்து துளித்துளியாக நறுக்கிக்கொண்டு வரவேண்டும். அவசரப்பட்டு நடுவில் வெட்டினால் நகம் பிளந்து சதையில் இறங்கிவிடும்.

"மெதுவா, ஃப்ளோரி. அது என் விரல், வெண்டைக்காய் இல்ல."

"வெண்டைக்காய் இவ்ளோ பேசாது. காலை ஆட்டாதீங்க டீச்சர்."

அப்போதுதான் காதில் பென்சில் செருகிய ஒருவர் கூடத்துக்குள் வந்து, டீச்சரின் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, அளவு நாடாவை விரித்தார்.

"யாருங்க நீங்க? என்ன அளக்கிறீங்க?"

"ஆசாரிம்மா. அய்யாதுரைன்னு பேரு. கட்டிலுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் பலகை அடிக்கணும்னு மதர் சொன்னாவ. பாட்டிமாரு தாண்டி இறங்க முடியாத உசரத்துக்கு வேணுமாம்."

ஃப்ளோரன்ஸின் கை நின்றது. பாதி வெட்டிய நகத்தை விட்டு எழுந்து போகிறவள் அல்ல ஃப்ளோரன்ஸ். மீதியை வெட்டி முடித்தாள், விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்தாள், காலைத் தரையில் இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் இல்லத்தை நடத்திவந்த மதரின் அறைக்குப் போனாள்.

அது 1974 ஆகஸ்ட் மாதம். மந்தைவெளியில் ஒரு பழைய வாடகை பங்களாவில் இருந்தது அந்த முதியோர் இல்லம். பதினான்கு பெண்கள். அவர்களில் மூன்று பேர் படுக்கையோடு இருந்தவர்கள், மற்ற பதினோரு பேர் நடந்தவர்கள். குளியலறையும் கழிப்பறையும் கொல்லையில் இருந்தன. பின்வாசலிலிருந்து நாற்பத்திரண்டு அடி வைக்க வேண்டும், ஃப்ளோரன்ஸ் எண்ணி வைத்திருந்தாள். ஜூலை மாதம் அந்தக் குளியலறையில் செசிலி என்ற பாட்டி வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அன்று கூடத்தில் வேலை பார்த்தது ஃப்ளோரன்ஸ்தான்.

மதர் கெட்டவர் அல்ல. பயந்துபோயிருந்தார்.

"இன்னொரு செசிலியை என்னால தாங்க முடியாது ஃப்ளோரன்ஸ். ஒண்ணாம் தேதியிலேர்ந்து துணைக்கு ஆள் இல்லாம யாரும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஆள் இல்லாத நேரத்துக்கு பெட்பேன்."

"பகல்ல நானும் தங்கபுஷ்பமும் ரெண்டே பேர். பதினோரு பேரைப் படுக்க வச்சீங்கன்னா ஆறே வாரத்துல பதினோரு பேருக்கும் கால் போயிடும் மதர். முதுகுல புண் வரும், நெஞ்சுல சளி கட்டும்."

"விழமாட்டாங்களே."

"செத்தவங்களும்தான் விழறதில்ல."

இப்படிப் பேசி மூன்று முறை வேலையை இழக்கப் பார்த்தவள் ஃப்ளோரன்ஸ். மதர் மேஜைமேல் இருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "விழுந்தா உடனே ஆள் போய்ச் சேரும்னு எனக்குக் காட்டு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா பலகைதான்," என்றார்.

மூன்று வாரம் இருந்தது.

ஃப்ளோரன்ஸ் சாந்தோமில் பிறந்தவள். அப்பா அடையாறில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். பத்தொன்பது வயதில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளுக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஒன்றரை வருஷம் பயிற்சி எடுத்து, பத்து வருஷம் எலும்பு முறிவு வார்டில் இருந்தாள். அங்கே அவள் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்று: வயதானவர்களைப் படுக்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் பாடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்த ஒன்பது வருஷத்தில் அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. கல்யாணம் பற்றி யாராவது கேட்டால், "நேரம் இல்ல," என்பாள். இல்லத்துக்கு வந்தபோது நாற்பது வயது. இப்போது ஐம்பத்து மூன்று. கையில் ஆம்பளைக் கடிகாரம் கட்டியிருப்பாள், நாடி பார்க்க விநாடி முள் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக. யாருக்கும் நன்றி சொல்ல வராது. மன்னிப்புக் கேட்கவும் வராது. அந்த இடத்தில் ஏதாவது வேலை செய்து கொடுத்துவிடுவாள்.

மறுநாள் அவள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது ரேடியோ மெக்கானிக் மெஹபூப் பாஷாவை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை செய்துகொண்டு, ஓய்ந்த நேரத்தில் ரேடியோ பழுது பார்ப்பவர். வாலிபத்தில் லாரி ஏறிய காலோடு இரண்டு மாதம் வார்டில் கிடந்தவர். எழுந்து நடக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவரை ஃப்ளோரன்ஸ் திட்டித் திட்டி நடக்க வைத்தாள். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் வந்துவிடுவார்.

"இன்னா சிஸ்டர், ரேடியோ படுத்துக்கிச்சா?"

"ரேடியோ இல்ல பாய். மணி வேணும். குளிக்கிற எடத்துல யாராவது விழுந்தா எனக்குக் கேக்கணும்."

"அதுக்கு இன்னா? ஒயரு இழுத்து சொவுத்துல ஒரு சுச்சு வெச்சா முடிஞ்சிது."

"சுவத்துல ஆணி அடிச்சாலே வீட்டுக்காரர் வந்துடுவாரு. அதை விடுங்க. விழுந்து கெடக்கிறவளுக்குச் சுவத்துல இருக்கிற சுவிட்சு எப்படி எட்டும்? செசிலி கெடந்த எடத்துலேர்ந்து சுவரு நாலு அடி. பொத்தானும் அவளோட சேர்ந்து விழணும்."

பாஷா தலையைச் சொறிந்தார். சர்ச் ஃபாதர் எப்போதோ கொடுத்த பழைய பெரிய ரேடியோ ஒன்று கூடத்து மூலையில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். மறுபடி ரேடியோவைப் பார்த்தார்.

"ஒயரே இல்லாம பண்ணலாம் சிஸ்டர். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு குட்டி ஸ்டேஷன். உள்ள ஒரு டிரான்சிஸ்டரு, ஒரு காயிலு, பென்சில் பேட்டரி. அமுக்குனா கொர்ர்ருனு ஒரு சத்தம் அனுப்பும். அத்த இந்த ரேடியோ புடிச்சு மணியை அடிக்கும். நூறு அடி தாண்டாது. நமக்கு அது போதும்."

கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜோன் டீச்சர், "அப்ப நான் ஒரு வானொலி நிலையமா?" என்றாள்.

"ஆமா டீச்சர். பாட்டுதான் கெடையாது."

"பாடுவேன். மதருக்குத்தான் பிடிக்காது."

பத்து நாளில் பாஷா பதினோரு டப்பா செய்துகொண்டு வந்தார். எல்லாமே பயணத்துக்கு எடுத்துப் போகும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மேலே சிவப்புப் பொத்தான். பொத்தானை ரொம்ப மெத்தென்று வைக்கச் சொன்னது ஃப்ளோரன்ஸ்தான், வாதம் வந்த விரலுக்கும் அமுங்க வேண்டும் என்று. டப்பாவில் நாடா கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். பின்வாசலிலிருந்து குளியலறைக் கூரை வரை பாஷா ஒரு கம்பி கட்டினார். ரேடியோ காது கொடுத்துக் கேட்பதற்கு அந்தக் கம்பி. அதில் யாரும் புடவை உலர்த்தக் கூடாது என்று தங்கபுஷ்பத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"வேலை செய்யுது சிஸ்டர், பாருங்க," என்று குளியலறை வாசலில் நின்று அமுக்கிக் காட்டினார். கூடத்தில் மணி அடித்தது.

"நின்னுக்கிட்டு அமுக்கறதுக்கு எனக்கு மணி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஃப்ளோரன்ஸ் கழுத்தில் டப்பாவை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத் தரையில் படுத்தாள். முதலில் மல்லாக்க. பிறகு இடது பக்கம், வலது பக்கம். பிறகு டப்பா மார்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்படி குப்புற. அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில். கதவுக்குக் குறுக்கே. ஒவ்வொரு தடவையும் அமுக்கிவிட்டு, "அடிச்சுதா?" என்று கத்தினாள். பாஷா வெட்கப்பட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, கூடத்திலிருந்து தங்கபுஷ்பம் கொடுக்கும் குரலை வாங்கி, "அட்ச்சுது சிஸ்டர்!" என்று கத்தினார். பத்து இடத்தில் படுத்துப் பார்த்ததில் எட்டில் அடித்தது. அண்டாவை நகர்த்தி, கம்பியை இன்னும் இரண்டடி தாழ்த்திக் கட்டிய பிறகு பத்திலும் அடித்தது. தலையிலிருந்து கால் வரை நனைந்து எழுந்து வந்த ஃப்ளோரன்ஸ் நோட்டில் பத்து இடத்தையும் வரிசையாக எழுதி வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்தது. ஃப்ளோரன்ஸ் ஓடினாள். குளியலறையில் யாரும் இல்லை. திரும்பி வருவதற்குள் மறுபடி அடித்தது, மறுபடி, விடாமல் அடித்தது. பதினோரு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் போய் ரேடியோவைத் தட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கும் அதே கூத்து, அதற்கு மறுநாளும். நான்காம் நாள், மணி அடிக்கும்போது தங்கபுஷ்பம் தலையைக்கூடத் தூக்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்ததை ஃப்ளோரன்ஸ் பார்த்தாள். அடித்தாலும் யாரும் எழுந்திருக்காத மணிக்கு மணியே இல்லாமல் இருப்பது மேல்.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு பங்கஜம் மாமி மதில் மேல் தலையைக் காட்டினாள். பதிமூன்று வருஷத்தில் இரண்டு வீட்டுக்கும் இடையே முருங்கைக்காய் தவிர வேறு போக்குவரத்து இருந்ததில்லை.

"ஏம்மா ஃப்ளோரன்ஸ், நாலு நாளா பாக்கறேன். சாயந்தரம் ஆறடிச்சா என் ரேடியோக்குள்ள வண்டு பூந்துக்கறது. கொர்ர்ருங்கறது. இலங்கை வானொலில ஒரு பாட்டு முழுசா கேக்க முடியல. உங்காத்துலேர்ந்துதான் வரதுன்னு எங்காத்து மாமா சொல்றார்."

"வண்டு இல்ல மாமி. எங்க பாட்டிங்க. யாராவது விழுந்துட்டா அமுக்கணும்னு ஒரு டப்பா குடுத்திருக்கோம்."

"அப்படின்னா நேத்திக்கு எல்லாருமா விழுந்துட்டா?"

"ஜெபமாலை சொல்லிட்டிருந்தாங்க."

மாமிக்குப் புரியவில்லை. ஃப்ளோரன்ஸுக்கு அந்தப் பதிலைச் சொல்லும்போதே புரிந்துவிட்டது. உள்ளே போய் ஜோன் டீச்சரின் கையைப் பார்த்தாள். அறுபது வருஷப் பழக்கத்தில் டீச்சரின் கை தானாகவே நெஞ்சுக்கு நேராக நின்றது. ஒவ்வொரு மணியையும் கட்டைவிரல் தள்ளிவிட்டு அடுத்த மணிக்குப் போகும்போது, நெஞ்சில் தொங்கும் மெத்தென்ற பொத்தானையும் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போயிற்று. ஐம்பத்து மூன்று மணி, பதினோரு பேர்.

"மெத்துனு வைக்கச் சொன்னது நான்தான்," என்றாள் ஃப்ளோரன்ஸ். அவள் வாயிலிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான். அன்றைக்கே பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அகலப் பட்டையாகப் பதினொன்று தைத்தாள். டப்பா கழுத்திலிருந்து இடது புஜத்துக்குப் போனது. இடது பக்கம் பலமில்லாத ஒருத்திக்கு மட்டும் வலது புஜம்.

"தாயத்தா? ஏம்மா, நான் ஞானஸ்நானம் வாங்கினவ. இதெல்லாம் கட்ட மாட்டேன்," என்று ஒரு பாட்டி கையை இழுத்துக்கொண்டாள்.

"இது தாயத்து இல்ல, ரேடியோ. வேணும்னா ஃபாதரை மந்திரிச்சுத் தரச் சொல்றேன், கையை நீட்டுங்க."

அதன் பிறகு ஆறு மணிக்கு மணி அடிக்கவில்லை. மாமியின் வானொலியும் சுத்தமாகப் பாடியது. ஃப்ளோரன்ஸ் ஒரு முழ மல்லிகையும் இரண்டு எலுமிச்சம்பழமும் மதில் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. பிற்பகல் மூன்று மணி. தங்கபுஷ்பம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஃப்ளோரன்ஸ் படுக்கையில் இருந்த ஒரு பாட்டியைப் புரட்டி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கரண்டு போவது அந்த நாளில் தினசரி விஷயம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிப்பின் மூலையை மடித்துச் செருகினாள்.

"ஃப்ளோரன்ஸ்! அடி ஃப்ளோரன்ஸ்!"

மதிலுக்கு மேலிருந்து பங்கஜம் மாமி அலறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டரைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அது கொர்ர், கொர்ர், கொர்ர் என்றது.

"உங்காத்துல யாரோ அமுக்கிண்டே இருக்கா! காது கேக்கலையா உனக்கு? ஓடு!"

ஃப்ளோரன்ஸ் கூடத்து மூலையைப் பார்த்தாள். பெரிய ரேடியோவின் விளக்கு அணைந்திருந்தது. மின்விசிறி நின்றது அவளுக்குத் தெரிந்தது. மணியும் அதோடு நின்றுபோகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பாஷாவுக்கும் தோன்றவில்லை. பாட்டியைச் சுவர்ப் பக்கம் பத்திரமாகச் சாய்த்துத் தலையணை அணை கொடுத்துவிட்டு ஓடினாள். நாற்பத்திரண்டு அடியை அன்றைக்கு அவள் எண்ணவில்லை.

ஜோன் டீச்சர் குளியலறைத் தரையில் காலை நீட்டிக் கிடந்தாள். வலது கை இடது புஜத்தை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் அவளைத் தூக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டாள். இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று பார்த்தாள், இடுப்பை அமுக்கிப் பார்த்தாள், கால்விரலை ஆட்டச் சொன்னாள். முழங்கால் மட்டும் சிராய்த்து வீங்கத் தொடங்கியிருந்தது. முக்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, ஒருக்களிக்கச் செய்து, மண்டி போட வைத்து, முக்காலியைப் பிடித்துக்கொண்டு டீச்சரைத் தானே எழ வைத்தாள்.

"எவ்வளவு நேரமாச்சு டீச்சர்?"

"விழுந்ததும் ஜெபமாலை ஆரம்பிச்சேன். அஞ்சாவது மணி வரலை, நீ வந்துட்டே. கூடத்துல மணி நல்லா அடிச்சுதா?"

"இல்ல. கரண்டு இல்ல. மாமியோட ரேடியோல கேட்டுது."

டீச்சர் வலியோடு சிரித்தாள்.

ரேஷன் பையோடு வந்த தங்கபுஷ்பம் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மதர் வெளியே போயிருக்காங்க. மணி அடிச்சுதுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது? பலகையும் வராது."

"அடுத்த தடவை கரண்டு போறப்ப மாமி கோயிலுக்குப் போயிருந்தா?" என்று கேட்டுவிட்டு ஃப்ளோரன்ஸ் முழங்காலுக்கு ஈரத்துணி மாற்றினாள்.

மதர் வந்ததும் போய், ஒன்று விடாமல் சொன்னாள். "மணி அடிக்கல மதர். கரண்டுல ஓடுற ரேடியோவை நம்பினது எங்க தப்பு. எனக்கு அது தோணியிருக்கணும்."

மதர் எழுந்து ஜோன் டீச்சரிடம் வந்தார். குனிந்து முழங்காலைப் பார்த்தார். "ஜோன், பயந்துட்டீங்களா?"

"பயப்படறதுக்கு செசிலிக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு மதர். இவ எனக்கு அவகாசமே தரலியே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பங்கஜம் மாமி முதல் முறையாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்திருந்தாள். தாழ்வாரத்துக்கு மேல் ஏறவில்லை. "எப்படி இருக்கா விழுந்தவா? அடி பலமா?" என்றாள். மதர் யாரென்று தெரிந்ததும், "இதப் பாருங்கோ, பகல் பூரா என் ரேடியோ ஓடிண்டுதான் இருக்கும். கொர்ர்ருனா மதில்ல ஏறிக் கத்திடறேன். ஆனா ஆறு மணிக்கு மட்டும் பாட்டைக் கெடுக்கப்படாது," என்றாள்.

மதர் அவளையும் ஃப்ளோரன்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்டு இல்லாதப்பவும் அடிக்கணும். காலையில எனக்குக் காட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செய்தி கிடைத்து அந்தி சாய வந்த பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பதினோரு டப்பாக்கும் பேட்டரி வெச்சேனே, கேக்கறவனுக்கு வெக்கலியே! மூளை எங்க பூடுச்சு எனக்கு?"

"தேடிக்கிட்டிருக்க நேரமில்ல பாய். காலையில எட்டு மணிக்கு வேணும்."

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு பாஷா தன் வீட்டு டிரான்சிஸ்டரையே பிரித்துப் புதிதாகக் கட்டிய பெட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பெரிய ரேடியோ இருந்த இடத்தில் அதை வைத்து மணியோடு இணைத்தார். எட்டு மணிக்கு மதர் கூடத்தில் வந்து நின்றார். ஃப்ளோரன்ஸ் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினாள். மின்விசிறிகள் ஓய்ந்தன. டப்பாவைப் புஜத்தில் கட்டிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். நோட்டில் எழுதியிருந்த வரிசைப்படி பத்து இடத்திலும் ஒவ்வொன்றாகப் படுத்து அமுக்கினாள். பத்து தடவையும் கூடத்தில் மணி அடித்தது. ஆறாவது தடவை மதிலுக்கு அப்பால், "யாருடீம்மா விழுந்துட்டா?" என்று குரல் வந்தது.

"நான்தான் மாமி! சும்மா பாக்கறேன்!"

"அப்படின்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கப்படாதா? அடுப்புல பால் இருக்கு!"

ஈரப் புடவையோடு அவள் வெளியே வந்தபோது வாசலில் மாட்டு வண்டி நின்றது. அய்யாதுரை கட்டில் பலகைகளைச் செய்து முடித்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இழைத்து மெழுகு பூசிய நல்ல பலகைகள், இருபத்திரண்டு.

"எந்தக் கட்டில்லேர்ந்து தொடங்கட்டும்மா?"

ஃப்ளோரன்ஸ் மதரைப் பார்த்தாள். மதர் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அவகிட்டயே கேட்டுக்கோங்க," என்று அய்யாதுரையிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

"கட்டில் வேண்டாம். பின்வாசல்லேர்ந்து குளியலறை வரைக்கும் தரையில கம்பம் ஊனுங்க. அதுமேல இந்தப் பலகையை அடிங்க, பிடிச்சுக்கிட்டு நடக்கறாப்ல. சுவத்துல ஒரு ஆணிகூட படக் கூடாது."

"எவ்வளவு உசரத்துலம்மா?"

"டீச்சர்! இங்க வாங்க."

ஜோன் டீச்சர் கட்டிலிலிருந்து காலை இறக்கி, முழங்காலில் கட்டோடு, புஜத்தில் டப்பாவோடு, ஒவ்வொரு அடியாக வைத்துப் பின்வாசலுக்கு வந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. அய்யாதுரை ஒரு பலகையைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்தார். டீச்சர் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு விரல் கீழே," என்றாள். அய்யாதுரை காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.